இனிப்புக்குத் துணையான இனிப்பு: கான்ஸ்டான்ஷியா ஒயினின் வரலாறு

ஐரோப்பிய விருந்தின் முடிவில் பரிமாறப்படும் இனிப்புக்கு 'டெசர்ட்' என்று பெயர். மேசையில் இருப்பனவற்றை எடுத்து ஒழிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் அது. அந்த இனிப்போடு அருந்தும் ஒயினைத் தெரிவதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: பண்டத்தின் இனிப்பைவிட ஒயினின் இனிப்பு குறையலாகாது. லட்டு தின்ற வாய்க்குச் சர்க்கரை இட்ட காப்பியும் கசப்பதை நாம் அறிவோம். ஒயினுக்கும் அதே கதிதான். இனிப்புக் குறைந்தால் வெறும் புளிப்பே நாவில் எஞ்சும். ஆனால் இனிப்பு மட்டும் போதாது. அதைத் தாங்கிப் பிடிக்கப் புளிப்பும் வேண்டும். இல்லையேல் அது ஒயினன்று, பாகு.

திராட்சையில் சர்க்கரையைச் செறிவாக்கப் பல வழிகள் உண்டு. பிரான்சின் சோட்டேர்னிலும் ஹங்கேரியின் டொக்காயிலும் ஒருவகைப் பூஞ்சணம் பழத்தின் நீரை வற்றச் செய்கிறது. போர்ச்சுகலின் போர்ட் ஒயினில், நொதித்தல் முடியுமுன் சாராயம் சேர்த்து இனிப்பைத் தக்கவைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் விளைந்த கான்ஸ்டான்ஷியா ஒயினின் வழி வேறு. மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே விட்டு, பாதி உலர்ந்த பின் பறித்துப் பிழிவது அது. ஆரஞ்சுத் தோலையும் பாதாமி பழத்தையும் நினைவூட்டும் மணம் கொண்ட அந்த ஒயினுக்குப் பழங்கள் இட்ட பண்டங்கள் பொருத்தமான துணை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் குடியேற்றத்தை நிறுவியது. அதன் தலைவராக 1679இல் பொறுப்பேற்ற சைமன் வான் டெர் ஸ்டெல், 1685இல் கான்ஸ்டான்ஷியா நிலத்தைப் பெற்றார். 1778இல் அத்தோட்டத்தை வாங்கிய ஹென்ட்ரிக் க்ளூட்டேயின் காலத்தில் அதன் இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளை எட்டியது. செயின்ட் ஹெலினாத் தீவில் சிறைவைக்கப்பட்ட நெப்போலியனின் இருப்பிடத்துக்கும் அது அனுப்பப்பட்டது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில், காதலில் ஏமாந்த பெண்ணுக்கு மருந்தாகக் கொண்டுவரப்படுவது ஒரு கோப்பைக் கான்ஸ்டான்ஷியா.

கனியின் நீர் வற்றக் காத்திருப்பதும், குலைகளைத் தேர்ந்து பறிப்பதும் மிகுந்த ஆட்களைக் கேட்கும் வேலை. கான்ஸ்டான்ஷியாவில் அந்த ஆட்கள் அடிமைகள். 1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 60,000 பேர் என்றும், அவர்களுள் காற்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணித்துள்ளனர். ஏனையோர் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள் முதலிய இடங்களைச் சேர்ந்தோர். பதிவேடுகளில் அவர்களின் பெயரோடு வந்த இடமும் ஒட்டிக்கொண்டது. வங்காளம், மலபார் என்பனவற்றோடு நம் சோழமண்டலக் கரையும் அவ்வாறு ஒட்டுப்பெயராக நிற்கிறது. இதில் ஒரு முரண் உண்டு: தோட்டத்தைத் தொடங்கிய வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியே அடிமையாயிருந்து விடுதலை பெற்ற இந்தியப் பெண்.

கேப்பில் அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்தது. பயிற்சிக்காலம் என்ற பெயரில் கட்டாய உழைப்பு 1838 வரை நீண்டது. அதன்பின்னும் தோட்டக் கூலிகளுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே அளக்கும் 'டாப்' முறை நிலைத்தது. சட்டம் தடுத்த பின்னும் சில தோட்டங்களில் அது 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஒழியவில்லை. உயர்ந்த ஒயின் கப்பலேறியது. மட்டமான ஒயின் கூலியாயிற்று. அந்தக் குடிப்பழக்கத்தின் கொடுமையை அப்பகுதியின் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன.

கான்ஸ்டான்ஷியாவின் புகழும் நிலைக்கவில்லை. 1860களின் தொடக்கத்தில் பிரிட்டன் தன் வரிச்சலுகையை விலக்கியது. 1880களில் ஃபிலாக்சரா பூச்சி கொடிகளை அழித்தது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், க்ளைன் கான்ஸ்டான்ஷியா தோட்டம் 1986ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து 'வான் டெ கான்ஸ்டான்ஸ்' என்ற பெயரில் அந்த ஒயினை மீட்டெடுத்தது. இன்று குரூட் கான்ஸ்டான்ஷியா மாளிகை அருங்காட்சியகமாக அடிமைகளின் வாழ்வையும் எடுத்துரைக்கிறது.

கேப்பின் இன்னொரு இனிப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஏலம், பட்டை, சோம்பு சேர்த்த மாவைப் பொரித்து, பாகில் தோய்த்து, தேங்காய்த் துருவல் தூவும் 'கூசிஸ்டர்'. அந்த அடிமைகளின் வழிவந்த கேப் மலாய் மக்களின் பண்டம் அது. விதிப்படி அதற்கு இசைந்த துணை கான்ஸ்டான்ஷியாதான். ஆனால் அம்மக்களுள் பெரும்பாலோர் இஸ்லாமியர். மது அவர்களுக்கு விலக்கு. ஒரே உழைப்பில் கிளைத்த இரு இனிப்புகள் ஒரே இலையில் அமராமலே போயின. ஒயினைத் தெரிவதற்கு நாவின் விதி போதும். அதன் இனிப்பை முழுதும் அறிய, அதைப் பிழிந்த கைகளையும் நாம் அறிந்தாக வேண்டும்.