போர் விமானி மீண்டும் பறக்கலாமா? முடிவு செய்வது மருத்துவ வாரியம்

பாகிஸ்தானுடனான வான் மோதலில் 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி மிக்-21 பைசன் விமானத்தில் இருந்து வெளியேறிப் பிடிபட்டவர், தமிழகத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். மார்ச் 1-ஆம் தேதி இரவு வாகா எல்லை வழியாக அவர் தாயகம் திரும்பினார். எனினும், அவர் மீண்டும் விமானி இருக்கையில் அமர்வதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் தேவைப்பட்டன.

அப்போதைய விமானப்படைத் தளபதி பி.எஸ்.தனோவா, அபிநந்தன் மீண்டும் பறப்பது அவரது உடல்தகுதியைப் பொறுத்தது என்று மார்ச் 4-ஆம் தேதி கோவையில் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் பரிசோதித்து ஒப்புதல் அளித்த பிறகே அவர் பணிக்குத் திரும்பினார். செப்டம்பர் 2-ஆம் தேதி பதான்கோட் தளத்தில் இருந்து தனோவாவும் அபிநந்தனும் ஒரே மிக்-21 விமானத்தில் பறந்தனர். 1988-இல் இதேபோல் விமானத்தில் இருந்து வெளியேறிய தனக்கு, பறக்கும் தகுதியைத் திரும்பப் பெற ஒன்பது மாதங்கள் ஆனதாக தனோவா அன்று நினைவுகூர்ந்தார்.

இந்தக் காத்திருப்புக்கு முக்கியக் காரணம் முதுகெலும்பு. ஆபத்து நேரத்தில் விமானியின் இருக்கையை ராக்கெட் விசை மேல்நோக்கி உந்தித் தள்ளுகிறது. அந்தக் கணத்தில் உடல் எடையைப் போல் பத்து மடங்குக்கும் அதிகமான அழுத்தம் தண்டுவடத்தின் மீது இறங்குகிறது. முதுகின் நடுப்பகுதியும் இடுப்பும் சேரும் இடத்தில் உள்ள எலும்புகள் நசுங்க வாய்ப்புண்டு. வெளியே காயம் தெரியாவிட்டாலும் எம்ஆர்ஐ பரிசோதனை செய்யப்படுவது இதனால்தான். முழுமையாகக் குணமடையாதவர் இன்னொரு முறை வெளியேற நேர்ந்தால், நிரந்தர முடக்கம் ஏற்படும் அபாயம் உள்ளது.

விமானப்படையில் ஒவ்வொரு விமானிக்கும் மருத்துவத் தரநிலை வழங்கப்படுகிறது. 'ஏ' என்ற எழுத்து வான்பணியையும் 'ஜி' என்ற எழுத்து தரைப்பணியையும் குறிக்கும். ஏ1ஜி1 என்றால் இரண்டுக்கும் முழுத் தகுதி. ஏ4 என்றால் பறக்கத் தகுதியில்லை. இடைப்பட்ட தரநிலைகளில் இருப்பவர்கள் நிபந்தனைகளுடன் பறக்கலாம். உதாரணமாக, முழுத் தகுதி பெற்ற மற்றொரு விமானி உடனிருக்க வேண்டும் என வரையறுக்கப்படலாம். தற்காலிகமாகக் குறைக்கப்பட்ட தரநிலை, குறித்த கால இடைவெளியில் மறுஆய்வு செய்யப்படும். நிரந்தரக் குறைப்பு என்றால் நிலைமை வேறு. பலருக்கு அது வாழ்க்கைப் பாதையே மாறும் தருணம்.

சேர்க்கையின்போதே வடிகட்டல் கடுமையானது. விமானி பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரை இருக்கலாம், தொடையின் நீளம் 64 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. அவசர வெளியேற்றத்தின்போது முழங்கால் கருவிப் பலகையில் மோதினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த அளவுகளின் பொருள் விளங்கும். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள் தேர்வு செய்யப்படுவதில்லை. பள்ளிப் பருவத்திலேயே கண் பரிசோதனை செய்து கொள்ளும் மாணவர்கள், பல ஆண்டு தயாரிப்புக்குப் பின் வரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

பணியில் சேர்ந்த பிறகும் கட்டுப்பாடுகள் தொடரும். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. சாதாரண சளி பிடித்தாலும் பறக்கக் கூடாது. சுமார் 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதியாகக் குறைகிறது. மூக்கடைப்பு உள்ளவர் வேகமாகக் கீழிறங்கும்போது காதுச் சவ்வு கிழியக்கூடும். மருத்துவர் ஆலோசனையின்றி தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளை உட்கொள்வதும் ஆபத்தானது.

எல்லா நாட்டு விமானப்படைகளிலும் பேசப்படும் சிக்கல் ஒன்று உண்டு. நோயைச் சொன்னால் பறக்கும் வாய்ப்பு பறிபோகும் என்ற அச்சத்தில் சிலர் அறிகுறிகளை மறைக்கின்றனர். தளங்களிலேயே வான்மருத்துவப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பணியமர்த்தப்பட்டு, விமானிகளுடன் பழகி நம்பிக்கையைப் பெறுவது இதற்கான பழைய வழி. பரிசோதனைக் கருவிகளைவிட இதுவே பயனுள்ளது எனலாம்.

1957-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு நிறுவனத்தில், மனிதரைச் சுழற்றி மிகு ஈர்ப்பு விசைக்குப் பழக்கும் இயந்திரமும், உயர வானின் காற்றழுத்தத்தை உருவாக்கும் அறையும் உள்ளன. ககன்யான் வீரர்களுக்கான மருத்துவத் தேர்வும் இங்குதான் நடைபெற்றது. 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மற்றொருவரான சுபான்ஷு சுக்லா, 2025 ஜூன் 25-ஆம் தேதி ஆக்சியம்-4 திட்டத்தில் விண்வெளிக்குச் சென்று, ஜூலை 15-ஆம் தேதி பூமி திரும்பினார்.