காதலிக்க நேரமில்லை: தொழிலாளர் இல்லாத தோட்டம்

'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எனத் தமிழரை அழவைத்த ஸ்ரீதர், 1964இல் 'காதலிக்க நேரமில்லை'யால் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தார். அச்சிரிப்பு மலிவானதன்று. பணக்காரச் சம்பந்தி என்றதும் பாலையா குழைவதைப் பாருங்கள். செல்வரின் பேராசை ஒரு பிரசங்கமுமின்றித் தோலுரிந்து நிற்கிறது. நாகேஷ் அவருக்குக் கதை சொல்லும் காட்சியோ படத்தொழிலையே பரிகசிக்கிறது. சித்ராலயா கோபுவுக்கும் இதிலே பங்குண்டு.

எனினும், கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலிருந்து பார்க்கும்போது நமக்கு ஒன்று உறுத்துகிறது. பாலையா இதில் தோட்ட முதலாளி. வேலை பறிபோன இளைஞன் அவர் வீட்டெதிரே கூடாரமடித்து, ஆடிப்பாடிப் போராடுகிறான். முதலாளி மகளின் காதலையும் பெறுகிறான். தோட்டத்தில் உழைப்போர்க்கோ கதையில் இடமேயில்லை. லயமும் இல்லை, கங்காணியும் இல்லை. சிரிப்புப் படத்திடம் இதைக் கேட்கலாமா என்பர் சிலர். முதலாளியின் பணத்தாசையைக் காட்டத் தெரிந்தவரிடம், அப்பணம் விளைந்த இடத்தைக் கேட்பதில் தவறில்லை.

கண்டிக்கு அண்மையில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலும் போராட்டம் நடந்தது. 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார்.

படம் வெளிவந்த அதே 1964இன் ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மலையக மக்களை அவர்களைக் கேளாமலே பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதாக ஒத்திவைத்தனர்.