எஸ். ஆர். நாதன்

எஸ். ஆர். நாதன் (செல்லப்பன் ராமநாதன், ஜூலை 3, 1924 – ஆகஸ்ட் 22, 2016) சிங்கப்பூரின் ஆறாவது அதிபர். தமிழர். உளவுத்துறைத் தலைவர், நிறுவனத் தலைவர், தூதர் ஆகிய பொறுப்புகளை வகித்தபின் நாட்டின் உயர்பதவிக்கு வந்தவர்.

இளமை

சிங்கப்பூரில் பிறந்த நாதன் மலாயாவின் மூவார் நகரில் வளர்ந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, கடன்சுமை தாளாமல் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டார். பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். பின்னர் வேலை பார்த்துக்கொண்டே படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1954-ல் சமூகப்பணிப் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டு மருத்துவ சமூகப் பணியாளராக அரசுப் பணியில் சேர்ந்தார். மாலுமிகள் நலன், தொழிற்சங்க ஆய்வு ஆகிய துறைகளிலும் பணியாற்றினார்.

உளவுத்துறை

1971-ல் பாதுகாப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைவரானார். 1974 ஜனவரி 31 அன்று ஜப்பானியச் செம்படையையும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியையும் சேர்ந்த நால்வர் புக்கோம் தீவிலுள்ள ஷெல் எண்ணெய் ஆலையைத் தாக்கினர். தப்பும் வழியில் ‘லாஜூ’ என்னும் படகை அதன் ஊழியர்களோடு கைப்பற்றினர். பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பின், பிணையாளிகளை விடுவிக்க அவர்கள் இசைந்தனர். அதற்கு ஈடாக, அவர்கள் பாதுகாப்பாக வெளியேறுவதற்கு உறுதியாக நாதன் உள்ளிட்ட 13 சிங்கப்பூர் அதிகாரிகள் அதே விமானத்தில் குவைத் சென்றனர். மறுநாள் அனைவரும் நலமாகத் திரும்பினர்.

வணிகமும் தூதரகப் பணியும்

1973 முதல் 1986 வரை மிட்சுபிஷி சிங்கப்பூர் கனரகத் தொழில் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 1982-ல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்க் குழுமத்தின் செயல் தலைவராக நியமிக்கப்பட்டார். உளவுத்துறையில் இருந்தவர் பத்திரிகைக்குத் தலைமையேற்பது செய்தியாளர்களிடையே ஐயத்தை எழுப்பியது. அங்கு 1988 வரை இருந்தார். பிறகு மலேசியாவில் தூதராகவும், 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதராகவும் பணியாற்றினார்.

அதிபர்

1999-லும் 2005-லும் போட்டியின்றி அதிபரானார். தகுதி விதிகள் கடுமையானவை. இருமுறையும் வேறு எவருக்கும் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. மக்கள் வாக்களிக்க வாய்ப்பில்லாமல் போனது விமர்சிக்கப்பட்டது. உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 2009-ல் நாட்டின் கடந்தகாலச் சேமிப்பிலிருந்து 490 கோடி சிங்கப்பூர் டாலர் எடுக்க ஒப்புதல் அளித்தார். அந்தச் சேமிப்பைக் காப்பது அதிபரின் கடமை. அதைத் தொட அனுமதிக்கப்பட்டது அதுவே முதல்முறை. 2011-ல் ஓய்வுபெற்றார்.

மறைவு

2016 ஆகஸ்ட் 26 அன்று அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ‘பொற்காலம்’ படத்தில் அவர் விரும்பிக் கேட்ட, பல ஊர் மண்ணெடுத்துப் பொம்மை செய்வதைச் சொல்லும் பாடல் அங்கு ஒலித்தது. பல இனத்தார் கூடி வாழும் சிங்கப்பூருக்கு அப்பாடல் பொருந்துவதாக இரங்கலுரையில் எடுத்துக்காட்டப்பட்டது.