வாய் திறக்க வைத்த பாடங்கள்

1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அடையாற்றில் பிரம்ம ஞான சபையாரின் விசாலமான தோட்டத்தில், ஓலை வேய்ந்த கொட்டகையின் நிழலில், இந்தியாவின் பல பிரதேசங்களிலிருந்தும் வந்து கூடிய 300-க்கு மேற்பட்ட மாணாக்கர்களுக்கு எதிரே, 69 வயதான அம்மையார் ஒருவர் இத்தாலிய மொழியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அருகிலிருந்த அவருடைய குமாரர் மாரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். கேட்டவர்கள் அதைத் தமிழாகவும் குஜராத்தியாகவும் மராத்தியாகவும் மனத்துக்குள் மறுபடி பெயர்த்து, தத்தம் ஊர்க் குழந்தைகளிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த அம்மையார்தாம் மரியா மாண்டிசோரி. அந்தச் சபையைச் சேர்ந்த டாக்டர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க வந்தவர். சில மாதங்கள் தங்கிப் போவதாக வந்தவரை யுத்தம் பிடித்து வைத்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் குமாரர் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் தங்கும்படி ஆயிற்று. ஆகஸ்டு 31-ஆம் தேதி வந்த அவருடைய எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி மாரியோவுக்கு விடுதலை கிடைத்தது.

மொழிப் பாடத்தை விளையாட்டாகவும் சங்கீதமாகவும் காட்சியாகவும் ஆக்குவது கம்ப்யூட்டர் வந்த பிறகு தோன்றிய நாகரிகம் என்று இக்காலத்துப் பெற்றோர்களிற் பலர் நினைக்கிறார்கள். அந்த அபிப்பிராயம் சரியன்று என்பதற்கு மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பேட்டைகளின் சரித்திரமே போதும். ஆனால் அந்தச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், வந்த உபகரணங்களெல்லாம் குழந்தைக்கு ஒரே மாதிரி உபகாரம் செய்யவில்லை என்பதும் தெரியவரும். கேட்கச் செய்தவை பல; பேசச் செய்தவை சில. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஏமாந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள்.

மாண்டிசோரி அம்மையாரின் முறையில் மொழிக்குரிய உபகரணங்களில் பிரதானமானது, உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்து. குழந்தை அதன் வளைவிலும் சுழியிலும் விரலை ஓட்டிக்கொண்டே அதன் ஒலியை வாயாற் சொல்ல வேண்டும். கண், விரல், செவி, நா ஆகிய நான்கும் ஒரே க்ஷணத்தில் ஒரே காரியத்தில் ஈடுபடும். இதை ஐரோப்பியப் புதுமை என்று அன்று வியந்தவர்கள், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தங்கள் பாட்டனார் என்ன செய்தார் என்பதை மறந்திருக்க வேண்டும். விஜயதசமியன்று அரிசியிலோ நெல்லிலோ விரலைப் பிடித்து எழுதுவித்து, பிறகு பல மாதங்கள் மணலில் எழுதச் செய்து, எழுதும்போதே உரக்கச் சொல்லவும் வைத்தவர்கள்தாம் நம்முடைய பழைய வாத்தியார்கள். சட்டாம்பிள்ளை முதலில் சொல்வான். மற்றப் பிள்ளைகள் ஒரே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் எண்சுவடியும் இப்படித்தான் நாவில் ஏறின. அடியும் தண்டனையும் அங்கே தாராளமாக இருந்தன என்பதை மறைத்துப் பழமைக்குக் கோயில் கட்ட நான் விரும்பவில்லை. எனினும் வாய் மூடியிருந்த பிள்ளை திண்ணையில் இல்லை என்பது உண்மை.

இதன் அருமையை முதலில் கண்டுகொண்டவர் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் என்பது வினோதம். 1789-இல் எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத் தம் விடுதியிலும் அவ்வாறே செய்வித்தார். அவர் 1797-இல் லண்டனில் அச்சிட்ட சிறு நூலின் வாயிலாக அது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. இங்கே திண்ணைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பெஞ்சும் கரும்பலகையும் ஆங்கில வாசகப் புத்தகமும் வந்தன. மௌனமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையே நல்ல பிள்ளை என்ற சம்பிரதாயமும் கூடவே வந்தது. இடையில் 1894-இல் பிரம்ம ஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஆரம்பித்த இலவசப் பாடசாலையில், அமெரிக்காவிலிருந்து வந்த பெண்மணிகள் விளையாட்டோடு கலந்த கிண்டர்கார்ட்டன் போதனையைக் கையாண்டார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே அந்தக் குடிசைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்பதை நம் கல்விச் சரித்திரம் எழுதுவோர் அதிகமாகச் சொல்வதில்லை.

மாண்டிசோரி அம்மையார் நடுவில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்ததும், 1946-இல் ஐரோப்பாவுக்குப் போய் மறுபடி வந்ததும், 1949-இல் முடிவாகப் புறப்பட்டதும் இங்கே விரிக்கத் தேவையில்லை. சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை தாய்மொழியைப் படிப்பதில்லை, தன் சூழலிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய பிரசித்தமான கொள்கையை விளக்கும் நூல் 1949-இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று. பிரம்ம ஞான சபைக்குப் பக்கத்தில் அப்போது கலாக்ஷேத்திரமும் இருந்தது. அங்கே பாட்டும் அபிநயமும் பயின்ற சிறுமிகளுக்குச் சொல்லின் உச்சரிப்பு சங்கீதத்தின் அங்கமாகவே சித்தித்தது. மொழிப் பாடமென்று ஒருவரும் பெயரிடாமல் நடந்த மொழிப் பாடம் அது.

இனி யந்திரத்துக்கு வருவோம். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஏற்பட்டு, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கி, மூன்று வருஷங்களில் பணமின்றி நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பை நடத்திற்று. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சங்கீதப் பாடமும் கதையும் அதில் இடம்பெற்றன. கடற்கரையிலும் பூங்காவிலும் வைத்த ஒலிபெருக்கிகளைச் சுற்றி ஜனங்கள் கூடி நின்றார்கள். பிறகு 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டே மாதங்களுக்கு முன், ஏப்ரல் 21-ஆம் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாய பாடமாக்கி உத்தரவு பிறப்பித்திருந்தது. ஒரு பக்கம், காற்றில் மிதந்து வரும் குரலைக் கேட்டு ஆனந்தப்பட்ட நகரம். மறுபக்கம், அதே நகரத்தில் பள்ளி வாசலிலும் முதன்மந்திரியின் வீட்டு வாசலிலும் மறியல், ஊர்வலம், சிறை. அந்தப் போராட்டத்தில் கைதான நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தின்போதே உயிர் நீத்தார்கள். 1940 பிப்ரவரியில் அந்த உத்தரவு ரத்தாயிற்று. ஆனால் அதே இந்தியைத் தாமாக விரும்பி வந்து படித்தவர்களின் கூட்டம் தியாகராய நகரில் குறையவில்லை. காந்தியடிகள் 1918-இல் ஸ்தாபித்த இந்திப் பிரசார சபைக்கு முதல் வகுப்பை நடத்தியவர் அவருடைய குமாரர் தேவதாஸ். 1936-இல் தியாகராய நகருக்குக் குடிபெயர்ந்த அந்தச் சபையின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா முதலிய பரீட்சைப் படிகளை ஏறிய பிள்ளைகள் மயிலாப்பூர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். மாலையில் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்த ‘இந்தி மாமி’கள் பேட்டைக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். உத்தரவு போட்டு உண்டாக்க முடியாத ஊக்கத்தை ஒரு மாமியின் கூடம் உண்டாக்கிற்று.

இத்தனை சொல்லியும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. எட்டுப் பரீட்சை தேறி, தோஹாவுக்குப் பதவுரை எழுதிப் பரிசு வாங்கியவர்கள், டில்லி ஸ்டேஷனில் கூலியாளோடு பேரம் பேச முடியாமல் விழித்த கதைகள் இந்தப் பேட்டைகளில் ஏராளம். அவர்களுடைய காதை இந்திக்குப் பழக்கியது பாடப் புத்தகத்தைவிட ரேடியோ சிலோன்தான். மத்திய மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டு நம் ரேடியோவில் வேண்டாமென்று ஒதுக்கிய காலத்தில், 1952-இல் கொழும்பிலிருந்து தொடங்கிய அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவைப் புதன்கிழமை தோறும் தவம்போல் கேட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். அர்த்தம் பாதி தெரியாமலே உச்சரிப்பு சுத்தமாயிற்று. 1981-இல் கே. பாலசந்தர் எடுத்த ‘ஏக் தூஜே கே லியே’ படத்தில், இந்தி தெரியாத தமிழ்ப் பையன் இந்தித் திரைப்படங்களின் பெயர்களையே கோத்துப் பாட்டாகப் பாடிக் காதலியை மகிழ்விக்கிறான். வேடிக்கைக்காக வைத்த காட்சிதான். ஆயினும் அந்நிய மொழியில் ஒருவன் முதலில் வாய் திறக்கும் விதத்தை இதைவிட உண்மையாகக் காட்டிய உபாத்தியாயர் மகாநாட்டுப் பிரசங்கம் எதையும் நான் கேட்டதில்லை.

வானொலி நிலையம் 1954-இல் மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலைக்கு வந்தது. பள்ளி ஒலிபரப்பு, குழந்தைகள் நிகழ்ச்சி இரண்டும் அங்கிருந்து வந்தன. ‘வானொலி அண்ணா’ என்று பெயர் பெற்ற கூத்தபிரான் போன்றவர்கள் செய்த பெரிய காரியம், குழந்தைகளை நிலையத்துக்கே வரவழைத்து ஒலிவாங்கியின் முன் நிறுத்திப் பேசச் சொன்னது. கேட்கும் பெட்டியாக இருந்த வானொலி அந்த அரை மணி நேரம் குழந்தை பேசும் பெட்டியாயிற்று. அவர்களுக்குப் பாடுவதற்குப் பாட்டுப் பஞ்சமும் இருக்கவில்லை. இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே குழந்தைப் பாடல்கள் எழுதிய அழ. வள்ளியப்பா, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்து, அதை ஓர் இயக்கமாகவே ஆக்கியிருந்தார். ஓசை முதலில், பொருள் பின்னால், நீதி கடைசியில் என்ற வரிசையை அவர் அறிந்திருந்தார். நீதியை முதலில் வைத்தவர்களின் பாட்டுகள் இன்று எவர் நாவிலும் இல்லை.

சமஸ்கிருதத்துக்கு இதே வைத்தியத்தைச் செய்தவர் டாக்டர் வே. ராகவன். வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் 1906-இல் மயிலாப்பூரில் நிறுவிய சமஸ்கிருதக் கல்லூரியில் வியாகரணமும் தர்க்கமும் கம்பீரமாக நடந்தன. நாடகங்கள் ஏட்டில் கிடந்தன. ராகவன் 1958-இல் சம்ஸ்கிருத ரங்கம் என்ற சபையை ஏற்படுத்தி அவற்றை மேடையேற்றினார். மனப்பாடம் செய்த வாக்கியத்தைக் கோபமாகவும் கெஞ்சலாகவும் சொல்ல வேண்டி வரும்போதுதான் விபக்திக்கு உயிர் வருகிறது.

1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. ‘கண்மணிப் பூங்கா’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைத் தவிர, நம் விஷயத்துக்கு அது செய்த உபகாரம் சொற்பம். குழந்தைகள் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

புத்தாயிரத்தின் வாசலில் விஷயம் வேறு திசையில் திரும்பிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில், கணினியில் தமிழ் எழுதுவதற்குப் பொதுவான விசைப்பலகை தீர்மானமானதோடு, உலகெங்கும் உள்ள தமிழர்க்காக இணையத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் என்ற யோசனையும் அறிவிக்கப்பட்டது. வா. செ. குழந்தைசாமியின் வழிகாட்டலில் 2001 பிப்ரவரி 17-ஆம் தேதி அது பிறந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலையில் இருக்கிறது. அதன் ‘மழலைக் கல்வி’யில் பாட்டு, கதை, உரையாடல், எண், எழுத்து எல்லாம் அசையும் சித்திரத்தோடும் குரலோடும் அமைந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் ‘அ’ என்பதே கட்டங்கட்டமாகத் தெரிந்த காலம் அது. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு பாட்டு இறங்கி முடிவதற்குள் குழந்தை தூங்கிவிடும். ஆயினும் அன்று அவ்வளவு செலவும் பிரயாசையும் எடுத்துக்கொண்டு தமிழ்க் குழந்தைப் பாடத்தை உலகுக்கு இலவசமாகத் திறந்துவைத்தது சிறிய காரியமன்று.

அதே காலத்தில், யந்திரமே இல்லாமல் அட்டைகளைக்கொண்டு நடந்த பரீட்சார்த்தம் ஒன்றும் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார், ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் முறையைப் பார்த்து வந்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி வைத்தார். ட, ப, ம போன்று கை எளிதில் வரையும் எழுத்துகள் அதில் முன்னே வந்தன. தரையில் வட்டமாக அமர்ந்து மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவியது. பெல் பாதிரியார் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார். சில ஆண்டுகளில் அது மாநிலமெங்கும் பரவிற்று. அட்டையை எடுத்து வைப்பதே பாடம் என்று சிலவிடங்களில் சுருங்கியும் போயிற்று.

2018-இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கத்தில் அச்சிட்ட க்யூஆர் கோடும், 2019 ஆகஸ்டு 26-இல் தொடங்கிக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படப்பிடிப்பு அரங்கு அமைத்துக்கொண்ட கல்வித் தொலைக்காட்சியும் அண்மைக் காலத்தவை. கொள்ளை நோய்க் காலத்தில், வேறு வழியில்லாத பிள்ளைகளுக்கு அந்தத் தொலைக்காட்சி பெரிய ஆதரவாக இருந்தது. எனினும், பள்ளிகள் மறுபடி திறந்தபோது, பாடத்தைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிள்ளையே அதைத் தன் வார்த்தையில் சொல்லத் தயங்குவதை உபாத்தியாயர்கள் கண்டார்கள். திரை சொல்லிக்கொண்டே போகும். எதிரே இருப்பவன் என்ன சொன்னான் என்று அதற்குத் தெரியாது.

இந்தக் குறையை மயிலாப்பூர்ப் பாட்டிமார்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சரிசெய்துகொண்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியிலோ மெல்போர்னிலோ இருக்கும் பேரன் கணினியில் தமிழ்ப் பாட்டைக் கேட்டாகிறது; பிறகு கைப்பேசியில் பாட்டியின் முகம் வருகிறது. “எங்கே, நீ சொல்லு பார்ப்போம்” என்கிறாள். அவன் ‘வாளைப்பளம்’ என்கிறான். “அப்படி இல்லைடா கண்ணா, நாக்கை மடக்கு” என்று தன் நாக்கையும் மடக்கிக் காட்டுகிறாள். அவன் திருப்பிச் சொல்லி, சிரித்து, மறுபடியும் தப்பாகச் சொல்கிறான். பாட்டி விடுவதாக இல்லை.