ஒரு பிறப்புப் பதிவும் இரண்டு பெயர்களும்



ஊர் வரலாறு பற்றி நாம் ஏதாவது எழுதினால் மறுநாளே யாராவது உள்பெட்டிக்கு வந்து, "சேர், எங்கட மூத்தவங்க ஆரு என்டு எப்படித் தேடுற?" என்று கேட்பது வழக்கம். இம்முறை வந்த கேள்வி கொஞ்சம் வித்தியாசமானது. "எங்கட குடும்பத்தில உம்மம்மாட வாப்பா ஒரு ஸ்கொட்லாந்துத் துரை என்டு ஒரு கதை இருக்கு. அது உண்மையா என்டு பார்க்க வழி இருக்கா சேர்?" கேட்டவரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். அவர் யார், எந்த ஊர் என்று யாரும் பின்னூட்டத்தில் துருவ வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது கடைசியில் விளங்கும்.

வழி இருக்கிறது. பழைய பதிவுகளில் ஒருவரின் தாய் தந்தையைத் தேடுவதற்கு ஸ்கொட்லாந்து அளவுக்கு வசதியான நாடுகள் குறைவு. அதை விளக்க, ஒளிக்க எதுவும் மிச்சமில்லாத ஒரு பிரபலமான மனிதரின் பிறப்பையே உதாரணமாக எடுப்போம். அவர் பெயர் ரம்சே மெக்டொனால்ட். பிரித்தானியாவின் முதலாவது தொழிற்கட்சிப் பிரதமர்.

முதலில் ஒரு வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1855. அந்த வருடம் ஜனவரி முதலாம் திகதியிலிருந்துதான் ஸ்கொட்லாந்தில் பிறப்பு, விவாகம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதியத் தொடங்கியது. அதற்கு முன்னர் இருந்தவை திருச்சபைப் பதிவேடுகள். சுமார் 900 பங்குகளில் அவை எழுதப்பட்டன. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது பேர்த்ஷயரில் எரோல் என்ற ஊருடையது, 1553இல் ஆரம்பிக்கிறது. நமது நாட்டில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1835இல் பிறந்தவர். ஆகவே அவரைத் திருச்சபை ஏட்டில் தேட வேண்டும். மெக்டொனால்ட் பிறந்தது 1866இல். அவரை அரசாங்கப் பதிவில் தேடலாம்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. திருச்சபை ஏட்டில் இருப்பது பெரும்பாலும் ஞானஸ்நானத் திகதிதான். பிறந்த திகதி சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால் பலர் பதியாமலே விட்டார்கள். 1843இல் திருச்சபை பிளவுபட்டதும், பிரிந்து போனவர்களின் பிள்ளைகள் பழைய ஏட்டில் காணாமல் போனார்கள். ஒருவரின் பெயர் ஏட்டில் இல்லை என்பதால் அவர் பிறக்கவில்லை என்று முடிவெடுக்க முடியாது.

1855க்குப் பிந்திய பதிவு அப்படியல்ல. பிறந்த இடம், திகதி, நேரம், தந்தையின் தொழில், தாயின் கன்னிப் பெயர் எல்லாம் இருக்கும். விவாகப் பதிவிலும் இறப்புப் பதிவிலும்கூட அவரவருடைய தாய் தந்தை இருவரின் பெயரும் கேட்கப்பட்டது. அதனால் தேடும்போது பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் இறப்பு, பிறகு விவாகம், பிறகு சனத்தொகைக் கணக்கெடுப்பு, கடைசியில் பிறப்பு. நமது ஆட்கள் பலர் எடுத்தவுடனேயே பிறப்பைத் தேடி, ஒரே பெயரில் நாற்பது ஜோன்களைக் கண்டு களைத்துப் போகிறார்கள்.

இனி நமது உதாரணத்துக்கு வருவோம். ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே மொரேஷயரில் லொசிமவுத் என்ற மீனவ ஊர். 1866 ஒக்டோபர் 12ஆம் திகதி அங்கே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தாய் ஆன் ரம்சே, வீட்டு வேலை செய்த பெண். தந்தை ஜோன் மெக்டொனால்ட், பண்ணையில் ஏர் ஓட்டியவர். அவர்கள் மணம் முடிக்கவில்லை. பதிவில் குழந்தையின் பெயர் ஜேம்ஸ் மெக்டொனால்ட் ரம்சே.

பெயரைக் கவனியுங்கள். கடைசியில் இருப்பது தாயின் குடும்பப் பெயர். நடுவில் நிற்பது தந்தையின் குடும்பப் பெயர். மணமாகாத தாய் பதிய வந்தால், தந்தையும் கூட வந்து கையொப்பம் இட்டாலே தவிர அவர் பெயரைத் தந்தைக்குரிய நிரலில் எழுதச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. குழந்தையின் பெயருக்குக் கீழே முறைதவறிய பிறப்பு என்ற பொருள்படும் சொல்லும் எழுதப்படும். அதனால் தாய்மார் பலர் தந்தையின் குடும்பப் பெயரைப் பிள்ளையின் நடுப்பெயராக வைத்தார்கள். தேடுபவருக்கு அது பெரிய தடயம்.

தடயம் மட்டும் போதாது, உறுதிப்படுத்த வேண்டும். அதற்கும் ஏடுகள் உண்டு. நீதிமன்றம் ஒருவரைத் தந்தை என்று தீர்த்தால், அது பிறப்புப் பதிவோடு இணைந்த திருத்தப் பதிவேட்டில் ஏறும். அதற்கு முந்திய காலம் என்றால் திருச்சபை மூப்பர் சபையின் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாம். மணமாகாத பெண் கருவுற்றால் சபை அவளை அழைத்துத் தந்தை யார் என்று விசாரித்தது, பிறகு அந்த ஆளையும் அழைத்தது. ஒழுக்கம் ஒரு காரணம். தந்தை கிடைக்காவிட்டால் பிள்ளையின் செலவு பங்கின் ஏழைகள் நிதியில் விழும் என்பது இன்னொரு காரணம். ஒரு காலத்தில் அந்தப் பெண்ணை அழ வைத்த விசாரணைக் குறிப்பு இன்று அவளுடைய கொள்ளுப் பேரன் தன் வேரைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

மதரஸாவில் ஹதீஸ் படித்தவர்களுக்கு இதிலுள்ள முறை இலகுவில் விளங்கும். செய்தியைப் பார்க்க முன்னர் அறிவித்தவரைப் பார். அவர் நேரில் கண்டவரா, இன்னொருவர் சொல்லக் கேட்டவரா? பிறப்புப் பதிவில் தகவல் கொடுத்தவரின் கையொப்பம் இருக்கும், எழுதத் தெரியாதவர் என்றால் புள்ளடி இருக்கும். தாயே கொடுத்த தகவல் என்றால் அதன் பலம் வேறு. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரைச் சொன்னவர் மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். அவர் அந்தப் பெற்றோரைக் கண்டே இருக்கமாட்டார். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் அதில் 35 ஆகத் தெரிவார். ஒரு ஏட்டை நம்பி நசபை முடிவு செய்யக்கூடாது. இரண்டு மூன்று ஏடுகள் ஒத்துவர வேண்டும்.

மெக்டொனால்டை வளர்த்தது தாயும், தாயின் தாயும். பாடசாலை இடாப்பில் அவர் ஜேம்ஸ் மெக்டொனால்ட். ட்ரெய்னி பங்குப் பாடசாலையில் படித்து, அங்கேயே மாணவ ஆசிரியராகவும் இருந்தார் என்பது நம் போன்ற ஆசிரியர்களுக்குச் சின்னதொரு சந்தோஷம். ஊர் அவரை ஒதுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பண்ணை என்று வேலையாட்கள் மாறிக்கொண்டிருந்த அந்தப் பகுதியில் இப்படியான பிறப்புகள் அரிதானவை அல்ல.

பிறகு அவர் பாராளுமன்றம் போனார். 1914இல் முதலாம் உலகப் போரை எதிர்த்தார். அதனால் பலர் அவரை வெறுத்தார்கள். 1915 செப்டம்பரில் ஜோன் புல் என்ற பத்திரிகை, ஹொராஷியோ பொட்டம்லி என்பவர் நடத்தியது, அவருடைய பிறப்புப் பதிவை அப்படியே அச்சிட்டது. போர் பற்றி அவர் சொன்ன வாதத்துக்குப் பதில் இல்லை, அதனால் அவருடைய உம்மாவை இழுத்தார்கள். அந்த உம்மா 1910இலேயே இறந்துவிட்டார். தான் ரம்சே என்ற பெயரில் பதியப்பட்டிருப்பது அன்றுவரை தெரியாது என்று மெக்டொனால்ட் தன் நாட்குறிப்பில் எழுதினார். நாற்பத்தெட்டு வயதில், இலட்சக்கணக்கான வாசகர்களோடு சேர்ந்து, தன் பிறப்புப் பதிவின் விபரத்தை அவர் அறிந்துகொண்டார்.

1922இல் பொட்டம்லி மோசடிக் குற்றத்துக்காக ஏழு வருட சிறைத் தண்டனை பெற்றார். 1924 ஜனவரியில் மெக்டொனால்ட் பிரதமரானார். அவர் இரண்டாம் முறை பிரதமராக இருந்த காலத்தில்தான் டொனமூர் அரசியலமைப்பு நமது நாட்டுக்கு வந்து, 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதில் நிபந்தனைகள் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமது உம்மம்மாமார் முதன்முதலில் வாக்களித்த காலத்தில் லண்டனில் பிரதமராக இருந்தவர், தந்தை பெயரால் கேலி செய்யப்பட்ட ஒரு வேலைக்காரப் பெண்ணின் மகன்.

நசபைக் காப்பது மார்க்கம் சொன்ன விடயம். தந்தை யார் என்று அறியும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது. ஆனால் பிறர் நசபைக் குத்திக் காட்டுவது ஜாஹிலியாக் காலத்துப் பழக்கம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பதிவேடு ஒன்றுதான். பேரன் அதைத் திறப்பதும் பொட்டம்லி திறப்பதும் ஒன்றல்ல.

இதை நாம் தூரத்து நாட்டுக் கதையாக விட்டுவிட முடியாது. நமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்று கேட்கும் நிரலோடுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். தரம் ஒன்று அனுமதிக்காக அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்மாரைப் பார்க்கிறோம். எல்லாப் பத்திரத்திலும் எல்லா நிரலும் நிரம்பியிருப்பதில்லை. அதை வாங்கிப் பார்க்கும் ஆசிரியர்களாகிய நாமும், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும் பெற்றோரும், அந்த வரியைச் சத்தமாக வாசிக்காமல் இருந்தாலே போதும்.

கேள்வி கேட்ட சகோதரருக்கு: எடின்பரோவில் உள்ள ஸ்கொட்லாந்து தேசிய பதிவுகள் திணைக்களத்தின் ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள் இணையத்தளத்தில் பெயர்ச் சுட்டியை இலவசமாகத் தேடலாம், பதிவின் படத்துக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அங்கே 100 வருடம் கடந்த பிறப்பு, 75 வருடம் கடந்த விவாகம், 50 வருடம் கடந்த இறப்பு ஆகியவற்றின் படங்களைப் பார்க்கலாம். அதற்கு முன்னர், வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் போய் துரையின் பெயர், தோட்டத்தின் பெயர், வருடம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், இன்னொரு நாள் போங்கள்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.