இளஞ்சிறாரும் எழுத்துப் பயிற்சியும்



எழுத்தறிவு வேறு, எழுதும் ஆற்றல் வேறு. எழுத்துகளையெல்லாம் பிழையறக் கற்றுப் பத்தாண்டு பள்ளியில் பயின்றவர்களிலும் சிலர், தம் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்று நான்கு வரி விண்ணப்பம் எழுத மாட்டாது, வட்டாட்சியர் அலுவலக வாயிலில் மனு எழுதுவோரை நாடி நிற்பதை இன்றும் காண்கிறோம். தன் குறையைத் தன் சொல்லில் உரைக்க இயலாதவன் பிறர் சொல்லுக்கு அடிமை. ஆதலின், பிள்ளைகளுக்கு எழுதப் பயிற்றும் முறை சிறியதொரு செய்தியன்று. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். அந்நாளில் கோயமுத்தூர் ஆட்சியராக இருந்தவர், உதகமண்டலம் என்னும் மலைநகரை உருவாக்கிய ஜான் சலிவன். அவர் தந்த கணக்கின்படி கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றோர் 8,206 பேர். அவர்களுள் பெண்கள் 82 பேரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். கை பழகியபின் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி ஆகியவற்றை மனப்பாடம் செய்தனர். கடிதங்களையும் பத்திரங்களையும் படிக்கப் பழகினர். இம்முறையால் சொல்வளம் பெருகிற்று, ஓசையுணர்வு வளர்ந்தது. ஆனால், கற்ற சொல்லைக் கொண்டு தன் எண்ணத்தைக் கூறுமாறு சிறுவனை ஆசிரியர் கேட்பது அரிதாகவே இருந்தது.

இது கல்வியேணியின் கீழ்ப்படி. மேற்படியிலோ, நன்கு எழுதுதற்குரிய இலக்கணமே வகுக்கப்பட்டிருந்தது. ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் வேண்டிய பத்து அழகுகளையும் நன்னூல் தொகுத்துக் கூறுகிறது. குறைவாகக் கூறுதல், அளவுக்கு மிஞ்சிக் கூறுதல், முன்சொன்னதையே திரும்பச் சொல்லுதல், முன்னுக்குப்பின் முரணாகக் கூறுதல் முதலியன குற்றங்கள். சுருக்கம், தெளிவு, ஒழுங்கு, தக்க எடுத்துக்காட்டு முதலியன அழகுகள். இந்நூலை ஆக்கிய பவணந்தி முனிவரைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டு மரபு போற்றுகிறது.

கீழே மனப்பாடம், மேலே நூலிலக்கணம். இரண்டிற்கும் இடையே பிள்ளையின் கால் ஊன்றத்தக்க படிகள் யாவை? இவ்வினாவிற்கு விடை காண உரோமாபுரிக்குச் செல்வோம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமில் ஆசிரியராக விளங்கிய குயின்டிலியன், பேச்சுக்கலைக் கல்வியைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். சிறுவர்கள் ஈசாப்பின் கதைகளை முதலில் எளிய மொழியில் வாயால் சொல்ல வேண்டும். பிறகு அதே எளிமையோடு எழுத வேண்டும். செய்யுளைப் பிரித்து உரைநடையாக்கிப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவைச் சார்ந்த அப்தோனியஸ் என்பார் இத்தகைய பயிற்சிகளைப் பதினான்காக வரிசைப்படுத்தினார். கதை சொல்லுதலில் தொடங்கி, முதுமொழியை விரித்தல், மறுத்தல், நிறுவுதல், புகழ்தல், ஒப்பிடுதல், பிறர் நிலையில் நின்று பேசுதல், வருணித்தல் எனப் படிப்படியாக அது உயர்கிறது. ஐரோப்பியப் பள்ளிகளில் பன்னூறாண்டுகள் இந்நூல் வழங்கிற்று.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. செய்யுளுக்குப் பொழிப்புரை கூறுதல் நம் புலவர் மரபு. சொந்த மண்ணைப் புகழ்தல் என்னும் பயிற்சிக்கு, விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் இயற்றிய கொங்கு மண்டல சதகத்தைக் காட்டிலும் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ? புலவர்க்கு உரியதாக இருந்த பயிற்சியைச் சிறு பிள்ளைக்கு ஏற்ற அளவில் படிப்படியாக அமைப்பதே நாம் செய்யவேண்டியது.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு இதனைச் செய்து பார்த்ததுண்டு. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்னும் பழமொழியைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து வினாக்களைக் கேட்பேன். இதை உன் சொல்லில் எப்படிச் சொல்வாய்? இது ஏன் உண்மை? இதற்கு மாறாக நடந்தால் என்ன ஆகும்? இதைப் போன்றது வேறு எது? நீ கண்ட ஓர் எடுத்துக்காட்டு யாது? முதலில் வாயால் விடை சொல்வார்கள், பின்னரே எழுதுவார்கள். நொய்யல் நீரால் நிறையும் நம் குளங்களை ஒருவன் எழுதினான். ஓட்டைக் குடத்தை மற்றொருவன் எழுதினான். ஒரு சிறுமி, தன் அம்மாயி உலைக்கு அரிசி எடுக்கும் போதெல்லாம் ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைப்பார் என்றும், வேலையில்லாத மாதத்தில் அந்தப் பானைதான் தங்களுக்குச் சோறு போட்டது என்றும் எழுதினாள். இவ்வரிகள் எந்தக் கட்டுரை நூலிலும் இல்லை. அவள் வீட்டில் இருந்தன. வினா அவற்றை வெளிக்கொணர்ந்தது.

எழுதி முடித்த பின்னரே நன்னூலார் கூறிய குற்றங்களுள் முதல் மூன்றைச் சொல்லிக் கொடுப்பேன். குறைவாகச் சொன்னேனா, மிகையாகச் சொன்னேனா, சொன்னதையே சொன்னேனா என்று பிள்ளைகள் தாமே பார்ப்பார்கள். பிறர் இடும் சிவப்பு மையைக் காட்டிலும் தன் கண்ணே தன் பிழையைக் காணும்போது அது நெஞ்சில் பதிகிறது.

இத்தகைய பயிற்சி பிள்ளைகளை ஓர் அச்சில் வார்த்துவிடாதா என்று சிலர் ஐயுறுவர். பவானியில் ஜமுக்காளம் நெய்வோரைக் கண்டிருப்பீர்கள். பாவு ஒழுங்காக ஓடினால்தான் ஊடை நிற்கும். நிறமும் கோலமும் ஊடையில் வருவன. ஐந்து வினாக்கள் பாவு போன்றவை. அரிசிப் பானை அச்சிறுமியின் ஊடை. உண்மையில் அச்சில் வார்ப்பது, எவரோ எழுதிய கட்டுரையை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கும் இக்கால வழக்கமேயாகும். அங்கே நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். ஒருவரும் எழுதக் கற்பதில்லை.

சலிவன் கணக்கில் 82ஆக இருந்த சிறுமியர் இன்று வகுப்பறைகளில் சரிபாதியாக அமர்ந்திருக்கிறார்கள். அன்று மணலைத் தொடவும் வாய்ப்பில்லாதிருந்த குடிகளின் பிள்ளைகளும் அவர்களோடு இருக்கிறார்கள். பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறந்துவிட்டது. எழுதுகோலும் கைக்கு வந்துவிட்டது. தம் சொல்லைத் தாமே எழுதும் ஆற்றலை அவர்களுக்கு அளிப்பது எஞ்சி நிற்கும் கடமை. உங்களுள் ஆசிரியப் பணியை மேற்கொள்வோர், கட்டுரை எழுதுக என்று கட்டளையிடுமுன், பிள்ளையிடம் ஒரு கதையைக் கேளுங்கள்; ஒரு பழமொழியைக் கொடுத்து ஐந்து வினாக்களை எழுப்புங்கள்.