நுளம்பு வலையும் கிணற்று வாயும்

1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. மழை பொய்த்து வற்றிய ஆறுகளின் குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. நிவாரணத்திற்குச் சென்ற சூரியமல் இயக்கத்தார் காய்ச்சலோடு பட்டினியையும் கண்டனர். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு அப்பேரழிவின் மையத்திலிருந்து விலகியே நின்றது.

1963இல் நோயாளர் 17 பேராகக் குறைந்தனர்; மருந்து தெளிப்பு நின்றது. 1968-69இல் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. மேலிடம் அயர்ந்தால் மேலிருந்து வரும் காப்பும் அற்றுப்போம் அன்றோ! காம்பியாவிலோ ஊர்த் தையற்காரர் தைத்த வலைகளையே மருந்தில் தோய்த்துக் குழந்தைகளைக் காத்தனர்.

2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது. பின்னர் யாழ்ப்பாணத்தில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி காணப்பட்டது. இந்நுளம்புக்கு ஆறு வேண்டியதில்லை, கிணறே போதும். நம் கிணறுகளோ ஒன்றின் வாய் அகலம் மற்றொன்றிற்கு இல்லை. ஒரே அளவில் ஆலையிலிருந்து வரும் வலை கட்டிலுக்குப் பொருந்தும், கிணற்றுக்குப் பொருந்தாது. அளந்து தைக்க ஊர்ப் பெண்கள் உளர். உரிய கூலி கொடுத்து அப்பணியை அவர்களிடம் ஒப்படைக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வருமா?